முகம் வரவில்லை

என் அண்ணி யாகோமினா முதன்முதலாகத் தூரிகையைக் கையில் எடுத்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. அதற்கு முன்பு அவள் கைக்குப் பழகியவை உருளைக்கிழங்குக் கூடையும் பால் வாளியும் துணி துவைக்கிற பலகையும்தான். படம் போடுவதெல்லாம் எங்கள் ஊரில் யாரும் செய்கிற காரியம் இல்லை. எங்கள் தேவாலயச் சுவரே வெள்ளைவெளேரென்று இருக்கும். அதில் ஒரு கோடுகூடக் கிடையாது.

ஆசைப்பட்டு அவள் வரைய ஆரம்பிக்கவில்லை. செத்துப்போன மகளின் முகம் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. அதனால்தான் ஆரம்பித்தாள்.

ஐம்பத்து மூன்றாம் வருடம் பிப்ரவரி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை கடலைத் தடுக்கிற கரை உடைந்து, ஹாலந்தின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிற எங்கள் ஸ்கவுவன் தீவுக்குள் கடல் வந்தது. அந்த வாரம் அண்ணி பக்கத்துத் தீவில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் அறுவை சிகிச்சை. என் அண்ணன் மரினுஸ் கரையில் மணல் மூட்டை அடுக்கப் போனவன், திரும்பி வர வழியில்லாமல் தேவாலயக் கோபுரத்தில் மாட்டிக்கொண்டான். வீட்டில் இருந்தது நானும் அவர்களுடைய ஒரே பிள்ளை லௌரினாவும். அவளுக்கு ஒன்பது வயது. நான் கல்யாணம் ஆகாதவள், அண்ணன் வீட்டோடு இருந்தவள். அவளைத் தூக்கி வளர்த்ததில் பாதி நான்தான்.

விடியும்போதே பரணுக்கு ஏறிவிட்டோம். மத்தியானம் தண்ணீர் இரண்டாம் முறையாக ஏறியபோது சுவர் இடிந்தது. கூரை மட்டும் தனியாகப் பிய்ந்து எங்கள் இருவரோடும் மிதந்து போயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மீன்பிடிப் படகு என்னைக் கண்டெடுத்தபோது கூரையில் நான் மட்டும் இருந்தேன்.

"பெரிய அலை ஒண்ணு வந்துச்சு. பிள்ளையை அடிச்சுட்டுப் போயிடுச்சு" என்று படகுக்காரர்களிடம் சொன்னேன். பிறகு அண்ணனிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த அண்ணியிடமும் அதையே சொன்னேன். அலை வந்தது உண்மை. அதற்கு முன்னால் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

லௌரினாவின் உடல் கிடைக்கவே இல்லை. பூமியில் புதைக்க எங்களுக்கு ஒன்றும் தரப்படவில்லை.

தண்ணீர் வடிந்து ஊருக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பியபோது ஊர் என்று சொல்ல என்ன இருந்தது? உப்பு குடித்த மரங்கள் எல்லாம் பட்டு நின்றன. வயலில் புல் இல்லை, பறவை இல்லை. நார்வேக்காரர்கள் இலவசமாகக் கட்டிக்கொடுத்த மரவீடு ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. உலகத்தில் எங்கெங்கோ இருந்து மூட்டை மூட்டையாகத் துணிகள் வந்து குவிந்தன. எங்கள் மூட்டையைப் பிரித்தால் உள்ளே பளபளவென்று ஒரு நீல நடன கவுன், முதுகே இல்லாமல். பக்கத்து வீட்டு லேனா கோஸ்டர் அதைக் கறுப்புப் பாவாடைக்கு மேலே வைத்துப் பார்த்து, "இதைப் போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா, பாட்டே பாட மாட்டாங்கடி, எல்லாரும் என் முதுகைத்தான் பாப்பாங்க" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. லௌரினாவின் கவுனைப் போலவே இருந்த அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள்.

"கிரினா, லௌரினாவுக்கு மச்சம் கன்னத்துல இருந்துச்சா, தாடையிலயா?"

"மச்சமா? அவளுக்கு மச்சமே கிடையாதே அண்ணி."

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. பிறகு மெதுவாக, "அப்ப நான் ஒரு வருஷமா யாரை நெனச்சு அழுதுக்கிட்டிருக்கேன்?" என்றாள்.

மறுநாள் முதல் புகைப்படம் தேட ஆரம்பித்தாள். லௌரினாவை எடுத்த ஒரே தனிப் படம் எங்கள் அலமாரி மேல் இருந்தது, அலமாரியோடு போயிற்று. படம் எடுத்தவரின் கடையும் தண்ணீரில் மூழ்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தி எடுத்த படம் வீட்டுக்கு ஒன்று உண்டு. அண்ணி வீடு வீடாகப் போனாள். பிள்ளையை இழந்த வீடு, இழக்காத வீடு என்று பார்க்கவில்லை. எல்லார் வீட்டிலும் தண்ணீர்தான் புகுந்திருந்தது. கடைசியில் ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் ஒன்று அகப்பட்டது. ஊறி ஊறி அதன் மேல்தோல் வழிந்திருந்தது. முப்பது பிள்ளைகளின் கால்களும் மரச்செருப்புகளும் தெளிவாக இருந்தன. கழுத்துக்கு மேலே எல்லோரும் ஒரே பழுப்புக் கறை.

"ரெண்டாவது வரிசையில மூணாவது கால் அவளோடது" என்றாள் அண்ணி. அந்தப் படத்தை வாங்கி வரவில்லை. அங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே கொட்டகைக்குப் போய்ப் பலகை ஒன்றை எடுத்துவந்தாள். ஜன்னல் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை, சுவருக்கான வெள்ளை, படகுக்குப் பூசுகிற சிவப்பு, கொஞ்சம் தார். இவ்வளவுதான் அவளிடம் இருந்த நிறங்கள். அண்ணன் சவரம் செய்துகொள்கிற தூரிகை அவளுடைய முதல் தூரிகை.

நான் அந்த முதல் படத்தைப் பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளை கிறுக்கினது போலத்தான் இருந்தது. தலை பூசணிக்காய் மாதிரி, கை குச்சி மாதிரி. அவள் அதைப் பார்த்துவிட்டு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுத்த பலகையை எடுத்தாள்.

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர எங்கள் தீவில் ஆளும் இல்லை. மாட்டின் கால் எப்படி மடங்குகிறது என்று தெரிந்துகொள்ள லேனாவின் மாட்டுக்கு எதிரே அரைநாள் குந்தியிருப்பாள். அலையின் நிறம் பச்சையும் இல்லை வெள்ளையும் இல்லை என்று கண்டுபிடித்து, தாரில் வெள்ளையைக் கலந்து, அதில் முட்டை மஞ்சளை ஊற்றி என்னென்னவோ செய்தாள். கடல் வந்தது. மெய்யாகவே வந்தது. அந்தப் பலகைக்கு எதிரே நிற்க என்னால் முடியவில்லை. இரண்டு வருடத்தில் பட்ட மரங்கள் வந்தன, மிதக்கும் கூரைகள் வந்தன, வயிறு ஊதிய பசுக்கள் வந்தன, துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துப் பூசிய லௌரினாவின் நீலக் கவுன், பின்னல், மரச்செருப்பு, முட்டியில் இருந்த காயம் எல்லாம் வந்தன.

முகம் வரவில்லை.

ஒவ்வொரு படத்திலும் கடைசியாக முகத்தைப் போடுவாள். பார்ப்பாள். "இவ இல்லை" என்பாள். உருளைக்கிழங்குக் கத்தியை எடுத்து அந்த இடத்தை மட்டும் சுரண்டுவாள். மரம் தெரிகிறவரை சுரண்டுவாள். மறுபடி போடுவாள், மறுபடி சுரண்டுவாள். சில பலகைகளில் அந்த இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. பலகை தீர்ந்தபோது வீட்டுச் சுவரில் வரைந்தாள். நார்வேக்காரர்களின் நல்ல பைன் மரச் சுவர். சமையலறையில் ஏழு லௌரினா, கூடத்தில் பதினொன்று. எல்லாம் பின்னலும் கவுனுமாக, முகத்தில் வெறும் மரத்தோடு.

அண்ணன் ஒருநாள் கஞ்சியைத் தள்ளிவைத்தான். "எனக்கும் அவ பொண்ணுதான் யாகோமினா. சாப்பிடுற இடத்துல ஏழு பேர் தலையில்லாம நின்னா நான் எப்படிச் சாப்பிடுவேன்?"

"தலை இருக்கு. முகம்தான் இல்லை."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப நீ சொல்லு. அவ கண்ணு எப்படி இருக்கும்? சொல்லு, போடறேன்."

அண்ணன் எழுந்து போய்விட்டான். அவனுக்கும் தெரியவில்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவன் தொழுவத்தில் படுக்கை போட்டுக்கொண்டான்.

ஊரில் பேச்சு எழுந்தது. தண்ணீர் எடுக்கப் போனால், "உங்க அண்ணி இன்னைக்கு எந்தக் கதவைப் படமாக்கினா? கழிப்பறைக் கதவையாவது விட்டுவைக்கச் சொல்லு" என்பார்கள். போதகர் வந்தார். காப்பி குடித்தார். சுவர்களைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டே, "அம்மா, தேவன் எடுத்துக்கிட்டதை நீங்க பலகையில திரும்பச் செய்யப் பாக்குறீங்க. இது நல்லதில்லை" என்றார்.

"தேவனுக்கு அவ முகம் தெரியும் ஐயா. எனக்குத்தான் தெரியலை" என்றாள் அண்ணி.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதே தண்ணீரில் போனவர்கள்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவும் நடந்தபோது நான் என்ன செய்தேன்? சுரண்டிய தூளைக் கூட்டி அள்ளினேன். அவள் மாதம் ஒருமுறையாவது என்னைக் கேட்பாள்: "நீதானே கடைசியா பாத்தே. எப்படி இருந்தா? பயந்தாளா? அழுதாளா?" நான் ஒவ்வொரு முறையும், "இருட்டிக்கிட்டு வந்துச்சு அண்ணி, சரியாத் தெரியலை" என்றேன். எனக்குத் தெரியும். அந்த முகம் எனக்கு ஒருநாளும் மறக்கவில்லை. கண்ணை மூடினால் அது, திறந்தால் அது. அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. தூக்கிக் கொடுக்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தேழில் ஒரு பத்திரிகைக்காரர் வெள்ளத்தைப் பற்றி எழுத வந்தார். சுவர்களைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு ஒரு மணி நேரம் நின்றார். இரண்டு வாரத்தில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ருட்கர் பூலன்ஸ் என்பவரை அழைத்துவந்தார். படங்கள் மாட்டி வைக்கிற கூடம் ஒன்று நடத்துகிறவராம். உயரமான மனிதர். எங்கள் கூடத்தில் குனிந்து நின்று, ஓட்டை விழுந்த பலகையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"யாருகிட்ட படிச்சீங்க?"

"யாருகிட்டயும் இல்லை."

"மத்தவங்க படத்தையெல்லாம் பாத்திருக்கீங்களா?"

"காப்பி டப்பா மேல ஒரு கப்பல் இருக்கு. அதைப் பாத்திருக்கேன்."

அவர் பத்திரிகைக்காரரை அர்த்தத்தோடு பார்த்தார். முப்பது பலகைகளை ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோகக் கேட்டார். அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அங்க முகம் போடத் தெரிஞ்சவங்க வருவாங்களா?"

"நாட்டிலேயே பெரிய ஓவியர்கள் எல்லாம் வருவாங்க."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க."

அக்டோபரில் நாங்கள் இருவரும் படகேறி ரயிலேறிப் போனோம். அண்ணி தலையில் ஞாயிற்றுக்கிழமைக் குல்லாய், கறுப்பு உடை. ஊரில் கேட்டுக் கிடைத்த அடையாளங்களை எல்லாம் எழுதிய காகிதம் ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தாள்: முடி வைக்கோல் நிறம், முன்பல் ஒன்று விழுந்து முளைத்தது, காது மரினுஸைப் போல. முகம் போடத் தெரிந்தவர் யாரிடமாவது காட்டிக் கேட்பதற்காக.

அந்தக் கூடத்தில் அவ்வளவு விளக்கு. அவ்வளவு ஜனம். எங்கள் வீட்டுப் பலகைகள் வெள்ளைச் சுவரில் தூரம் தூரமாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆட்கள் கையில் கோப்பையோடு நின்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். முத்துமாலை போட்ட ஒரு பெண்மணி அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"முகத்தை மட்டும் விட்டுட்டீங்களே! எவ்வளவு தைரியம்! ஒரு பிள்ளையை இல்லை, செத்த எல்லாப் பிள்ளைகளையும் காட்டிட்டீங்க."

"வேணும்னு விடலைம்மா" என்றாள் அண்ணி. "எனக்கு வரலை."

அந்த அம்மாள் திரும்பி மற்றவர்களிடம், "கேட்டீங்களா? 'எனக்கு வரலை'ங்கறாங்க! எவ்வளவு எளிமை!" என்றாள். சுற்றி நின்றவர்களின் கண் கலங்கிற்று.

அண்ணி பூலன்ஸிடம் போனாள். முகம் போடத் தெரிந்தவர் யார் என்று கேட்டாள். அவர் நரைத்த தாடிக்காரர் ஒருவரைக் காட்டினார். அண்ணி அவரிடம் காகிதத்தை நீட்டினாள்.

"ஐயா, எனக்குக் கண்ணும் வாயும் எப்படிப் போடறதுன்னு காட்டிக்கொடுங்க. ரெண்டு நாள் போதும். நான் தங்கறதுக்கு இடம் பாத்துக்குவேன்."

தாடிக்காரர் காகிதத்தைப் படித்தார். அன்பாகத்தான் பேசினார். "அம்மா, நான் கத்துக்கொடுத்தா உங்க கை கெட்டுப்போயிடும். நாங்க எல்லாம் கத்துக்கிட்டதை மறக்க முடியாம தவிச்சுக்கிட்டிருக்கோம். தயவுசெஞ்சு எதையும் கத்துக்காதீங்க. இந்த முகத்தைப் போட்டுடாதீங்க."

"அது என் பொண்ணு ஐயா."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

அண்ணி அவர் கையிலிருந்து காகிதத்தைத் திரும்ப வாங்கினாள். நாலாக மடித்துப் பையில் வைத்தாள். பிறகு சுவரோடு சாய்ந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோப்பை பிடித்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். "எங்கேயும் இல்லை கிரினா. எங்கேயும் கிடைக்காது போல" என்றாள். நான் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினேன். என் வாய்வரை வந்தது. அந்த வெளிச்சத்தில், அத்தனை பேருக்கு நடுவே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் சுண்ணாம்பு வாளியை எடுத்தாள். கூடத்துச் சுவர், சமையலறைச் சுவர் எல்லாவற்றையும் வெள்ளையடித்தாள். கொட்டகையில் மிச்சமிருந்த பலகைகளைக் கோடரியால் பிளந்து அடுப்புக்கு அடுக்கினாள். அண்ணன் தடுக்கப் போனான். "விடு மரினுஸ். நீ சொன்னது சரிதான். தலையில்லாதவங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் படுத்துவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. காப்பியில் நனைத்த ரொட்டியைக்கூடத் துப்பினாள். டாக்டர் வந்து பார்த்து உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். பதினைந்து நாளில் அவள் மணிக்கட்டு குழந்தையுடையது போல் ஆயிற்று.

ஒரு புதன்கிழமை பத்து மணி இருக்கும். நான் சூப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நேத்து வரைக்கும் அவ குரல் இருந்துச்சு. காலையில எழுந்து பாத்தேன். அதுவும் போயிடுச்சு. இப்ப எனக்கு ஒரு பொண்ணு இருந்தாங்கறதே யாரோ சொன்ன கதை மாதிரி இருக்கு. நான் போறேன் கிரினா. அவளை அங்க பாத்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அதுதான் பயமா இருக்கு."

நான் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அண்ணி, அவ அழலை" என்றேன். "பயப்படவும் இல்லை. கோவமா இருந்தா."

அவள் தலை என் பக்கம் திரும்பியது.

"அலை வர்றதுக்கு முன்னாடியே நான் அவ கையை விட்டுட்டேன். ரெண்டு மணி நேரம் ஒரு கையால அவளையும் ஒரு கையால உத்தரத்தையும் பிடிச்சுக்கிட்டிருந்தேன். விரலெல்லாம் மரத்துப்போச்சு. கூரை சரிஞ்சுச்சு. ரெண்டு கையும் இருந்தாத்தான் நான் இருப்பேன்னு தோணுச்சு. அவ வழுக்கலை. நான் விட்டேன். விட்டப்பறம் அவ ஓட்டு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. 'அத்தை'ன்னுகூடக் கூப்பிடலை. சீட்டாட்டத்துல நான் ஏமாத்தினா பாப்பாளே, அதே பார்வை. அதுக்கப்பறம்தான் அலை வந்துச்சு."

அண்ணி என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது. அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். ஏறக்குறைய ஐந்து வருடத்தில் நான் பார்த்திராத வெளிச்சம் ஒன்று அவள் கண்ணில் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"கோவமா?" என்றாள். "எந்தப் புருவம் மேல இருந்துச்சு?"

"அண்ணி..."

"எந்தப் புருவம்னு கேட்டேன்."

"இடது. இடது புருவம் கீழ இறங்கி, வலது மேல ஏறி..."

"கீழ் உதடு?"

"வெளிய தள்ளியிருந்துச்சு."

"ஆமா" என்றாள் அண்ணி. "ஆமாடி. அவ கோவக்காரி. பிறந்தப்பவே மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுத்தான் பிறந்தா. நான் அவளைச் சிரிக்கவச்சே போட்டுக்கிட்டிருந்தேன். தேவதை மாதிரி. அவ எங்க சிரிச்சா! கடவுளே, அவ சிரிக்கவே மாட்டாளே!" சொல்லிக்கொண்டே கட்டிலை விட்டு இறங்கினாள். கால் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வெள்ளையடித்த கூடத்துக்குப் போனாள்.

ஒன்பது நாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டே போட்டாள். மூக்கு நுனி சிவந்திருந்ததா, முடி நெற்றியில் எத்தனை இழை ஒட்டியிருந்தது, விளிம்பைப் பிடித்த கையில் எந்த விரல் மேலே. நான் அழுதால் காத்திருப்பாள். நிறுத்தியதும், "சரி, சொல்லு" என்பாள். இரக்கமே இல்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை. அவள் சூப்பைக் குடித்தாள், ரொட்டி தின்றாள், ஏனென்றால் கை நடுங்கக்கூடாது. ஒன்பதாம் நாள் மத்தியானம் அண்ணன் தொழுவத்திலிருந்து எதற்கோ உள்ளே வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் வாயிலிருந்து மகள் பெயர் மட்டும் வந்தது. பிறகு அந்தச் சுவருக்கு எதிரே, சேற்றுச் செருப்போடு, தரையில் மண்டியிட்டான்.

அவள்தான். ஒன்பது வயது, ஈர முடி, எங்கள் எல்லோர்மேலும் கோபம்.

அண்ணி தூரிகையைக் கழுவினாள். துணியில் துடைத்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் செத்திருப்பேன். அதுக்காக உன்னை வீட்டுல வச்சுக்க முடியாது. போயிடு கிரினா."

"சரி அண்ணி."

"அஞ்சு வருஷமா சொல்லாம வச்சிருந்தியே. நான் சுரண்டுறதைக் கூட்டிக்கூட்டி அள்ளினியே."

அண்ணனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அன்றே கிளம்பினேன். அண்ணன் படகுத்துறை வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். படகு நகரும்போது, "கை மரத்துப்போச்சுன்னா மரத்துப்போச்சுதான்" என்றான். அவ்வளவுதான். திரும்பி நடந்தான்.

ஃப்ளிஸ்ஸிங்கன் துறைமுக ஊரில் ஒரு துணி வெளுக்கிற நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது வருடம் அங்கேயே ஓடிற்று. அண்ணி அதற்குப் பிறகும் வரைந்தாள் என்று கேள்விப்பட்டேன். இப்போது முகங்கள் வந்தன. லேனா கோஸ்டரின் முகம், போதகரின் முகம், ஊரில் செத்தவர்கள் ஒவ்வொருவராக. வீட்டில் பிள்ளையை இழந்தவர்கள் அவளிடம் வந்து உட்கார்ந்து சொல்வார்கள், அவள் போட்டுக்கொடுப்பாள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பூலன்ஸ் மறுபடி வந்தாராம். புதுப் படங்களைப் பார்த்துவிட்டு, பாவம் இந்த அம்மாளின் கலை போய்விட்டது என்று வருத்தப்பட்டாராம். ஒன்றையும் எடுத்துப்போகவில்லை. அண்ணி அவருக்குக் காப்பியும் இனிப்பு ரொட்டியும் கொடுத்து அனுப்பினாளாம். என்னை அவள் கூப்பிடவில்லை. நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

எழுபத்தெட்டில், அண்ணி இறந்துவிட்டாள் என்று அண்ணன் தந்தி அடித்தான். அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் போன பிறகு அவன் ஒரு பலகையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"உனக்குன்னு சொன்னா. போன வருஷம் போட்டது."

கூரை ஒன்று மிதக்கிறது. தார் கலந்த அதே கடல். விளிம்பில் லௌரினா, புருவத்தைச் சுளித்துக்கொண்டு. கூரை மேல் ஒரு பெண் இரண்டு கையாலும் உத்தரத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். அது நான் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். நான் இல்லை. முகம் அண்ணியுடையது. ஆஸ்பத்திரி உடை போட்டிருக்கிறாள்.

"இதுக்கு என்ன அர்த்தம் அண்ணே?"

"கேட்டேன். சொல்லலை" என்றான்.

தானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பேன் என்று சொல்கிறாளா, இல்லை, நீ இருந்திருக்கவே கூடாத இடம் அது, நான் இருக்கவேண்டிய இடம் என்கிறாளா? எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. பலகை என் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. ஒரு நாள் ஒன்று சரி என்று படுகிறது, மறுநாள் மற்றது. இரண்டில் எதைத் தாங்குவது எளிது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.